மூன்று நெறியும் ஒரு நெறியாமோ?

ஏரணம் கிரேக்கன் கண்டது. தருக்கம் வடவன் வளர்த்தது. தமிழனுக்குப் பாட்டு உண்டு, பண் உண்டு, கூத்து உண்டு. எண்ணத்தை ஒழுங்குபடுத்தும் கலை மட்டும் இல்லை. இவ்வாறு பேசுவோர் இன்றும் உளர். பேசுவோருள் அயலார் சிலர், தமிழரே பலர். கல்லூரியில் மெய்யியல் பயின்று, தமிழில் ஒரு பக்கம் எழுதத் தெரியாமல் வெளியேறி, அத் தெரியாமையைத் தமிழின் குறையாகக் காட்டி வாழ்வோர் இவருள் முதன்மையர்.

இவர்க்கு விடையிறுக்கப் புகும் தமிழன்பருள்ளும் ஒரு சாரார் வேறொரு குழியில் விழுகின்றனர். மேலையர் நேற்றுக் கண்டதெல்லாம் எம் முன்னோர் அன்றே கண்டது என்று முழங்குகின்றனர். எந்நூலில், எவ்விடத்தில் என்று கேட்டால் சினங்கொள்கின்றனர். முழக்கம் விடையாகாது. ஒரு பொருளை எடுத்து, அதனைத் தமிழிலேயே எண்ணி, தமிழிலேயே முடிபு காட்டுவதுதான் விடை. அதற்கு ஏற்ற பொருள் ஒன்று உண்டு. ஏரணத்தின் அடிப்படை நெறிகள் எனப்படும் மூன்றும் தம்முள் என்ன உறவுடையன என்பதே அது.

அந்நெறிகளாவன: முதலாவது, ஒரு பொருள் அப்பொருளேயாதல். தகடூர் தகடூரே. இது தானேயாதல் நெறி. இரண்டாவது, ஒன்றனை ஒரே வகையில் உடன்படும் கூற்றும் மறுக்கும் கூற்றும் ஒருங்கே மெய்யாகாமை. இது முரணாமை நெறி. மூன்றாவது, உடன்பாடும் அதன் மறுப்புமாகிய இரண்டனுள் ஒன்று மெய்யேயாதலும், அவற்றிடையே மூன்றாவது ஒன்று இன்மையும். இது இடையின்மை நெறி.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பொத்தகத்தில் ஏரணப் பகுதி தமிழ்வழியிலேயே உள்ளது. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளும் அதனைத் தமிழிற் படித்துத் தமிழில் எழுதித் தேறுகின்றனர். தமிழில் ஏரணம் வாராது என்னும் பேச்சு அவ்வகுப்பறை வாயிலிலேயே விழுந்து கிடக்கின்றது. ஆனால் அப்பாடத்தைச் சொல்லும் முறையில் ஒரு மயக்கம் நுழைந்துவிடுகின்றது; அதுவே இங்கு ஆராயத் தக்கது. பிள்ளைகள் ஒரு கூற்றுக்கு மெய், பொய் என இரண்டு வரிசை இட்டுப் பட்டியல் வரைகின்றனர். மூன்று நெறிகளையும் அப்பட்டியலில் இட்டால், மூன்றற்கும் இறுதி நிரல் முழுதும் மெய் என்றே வருகின்றது. உடனே, மூன்றும் ஒன்றே, ஓர் உண்மைதான் மூன்று உடை உடுத்து வருகின்றது என்று முடித்துவிடுவோர் பலர். துணைநூல் எழுதுவோர் அதனை அச்சிட்டும் விடுகின்றனர்.

இம்முடிபு இருவகையாற் பொருந்தாது. முதலாவது, இது மிகையாக நிறுவுகின்றது. மழையும் காற்றும் உள எனின் மழை உளது என்னும் கூற்றுக்கும் இறுதி நிரல் முழுதும் மெய்தான். இவ்வாறே ஏரணத்தின் எல்லா முடிந்த உண்மைகட்கும் நிரல் ஒன்றே. அதனால் அனைத்தும் ஒன்றே எனின், ஏரணம் முழுதும் ஒரே ஒரு சொற்றொடராகச் சுருங்கிப்போம். திருவிழாவன்று ஊரார் எல்லாரும் வெள்ளை வேட்டி உடுத்தினமையால் ஊரில் இருப்பவன் ஒருவனே என்பது போன்றது இது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. ஒவ்வொரு கூற்றும் மெய் அல்லது பொய், மூன்றாவது இல்லை என்று முன்னரே துணிந்த பின்னரன்றோ இரண்டே வரிசை இட்டுப் பட்டியல் வரையப்பட்டது? இடையின்மையை உள்ளே வைத்துத் தைத்த பையைத் திறந்து, இதோ இடையின்மை என்று எடுத்துக் காட்டுவது சான்று ஆகாது. வழக்காளியின் அண்ணனையே நடுவராக அமர்த்திய மன்றம் அது. நெறிகளின் உறவை அறியவேண்டின் பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

தானேயாதலை வெறுங் கூறியது கூறல் என்று இகழ்வோர் உளர். தகடூர் தகடூரே என்பதால் யாருக்கு என்ன பயன் என்பர். அரிசுட்டாட்டிலும் அதனைத் தனி நெறியாக எண்ணி வைத்தவர் அல்லர். அவர்தம் மெய்யியற் பெருநூலின் நான்காம் பகுதி முரணாமையையும் இடையின்மையையுமே விரித்து நிலைநாட்டுகின்றது. தானேயாதலை முன்னிறுத்தியவர், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழித்து வந்த செருமானிய அறிஞர் இலைபுனிட்சு (1646-1716). ஆயினும் பயன் இல்லை என்பது பிழை. பெயர் இரண்டாய்ப் பொருள் ஒன்றாகும் இடத்தில் அதன் வலிமை தெரியும்.

தகடூர் வரலாற்றிலேயே அதற்குச் சான்று கிடக்கின்றது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகன் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தன் ஆட்சிக்கு அப்பாற்பட்ட தென்னாட்டாரைச் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் என எண்ணுகின்றது. சதியபுத்திரர் யாவர்? துளுநாட்டார் என்றார் சிலர். காஞ்சியார் என்றார் சிலர். வாய்மொழிக் கோசர் என்றார் சிலர். அதியமான் குடியினர் என்றாரும் இருந்தனர். நெடுங்காலம் நடந்த இச்சொற்போர் 1981-இல் திருக்கோவலூரை அடுத்த சம்பையில் தமிழி எழுத்துக் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டதும் ஏறத்தாழ அடங்கிற்று. சதியபுதோ என்னும் பட்டத்தையும் அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயரையும் ஒருவன்மேலேயே அது வைத்துச் சொல்கின்றது. சேரமான் என்பதில் உள்ள மகன் என்னும் சொல்லே கேரளபுத்திரன் என்பதில் புத்திரன் ஆயிற்று. அதியமான் சதியபுத்திரன் ஆனதும் அவ்வாறே. தமிழ்ப் பட்டத்தை வடவர் மொழிபெயர்த்துக்கொண்டனர். இங்கே அதுவே இது என்னும் கூற்று, கூறியது கூறல் அன்று, கண்டுபிடிப்பு.

ஆனால் இதிலும் விழிப்பு வேண்டும். சம்பைக் கல்வெட்டைக் கண்ட மகிழ்ச்சியில், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அஞ்சியையே அசோகன் குறித்தான் என்று மேடையில் பேசுவோர் உளர். அசோகன் குறித்தது ஒரு குடியை. சம்பை குறிப்பது அக்குடியில் வந்த ஒருவனை. குடிப்பெயர் ஒன்றாயிருத்தல் கொண்டு ஆளையும் ஒன்றாக்குவது, எந்த நெறியால் வழக்கு வென்றதோ அந்த நெறியையே மிதிப்பது. தமிழுக்கு ஆக்கமாகப் பேசுவதாயினும் பிழை பிழைதான்.

தானேயாதல் இவ்வாறு நிற்பது முரணாமைக்குத் தளமாக. இரண்டு கூற்றுகள் முரணுவதற்கு முன் அவை ஒரே பொருளைப் பற்றியனவாகவும், ஒரே காலத்தையும் ஒரே கூற்றினையும் நோக்கியனவாகவும் இருத்தல் வேண்டும். கிருட்டிணகிரி தருமபுரி மாவட்டத்தில் உள்ளது என்பதும் இல்லை என்பதும் முரணோ? 1965-இல் சேலத்தினின்று தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004-இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. அவ்விடைக்காலத்திற்கு முதற் கூற்று மெய். இன்றைக்கு இரண்டாவது மெய். காலத்தைச் சேர்த்துச் சொன்னவுடன் முரண் கரைந்துபோகின்றது. முரணாமையை மறுப்பவனுக்கு அரிசுட்டாட்டில் கூறும் விடையும் இத்தளத்தின் மேலேயே நிற்கின்றது. மறுப்பவன் ஏதேனும் ஒரு சொல்லை ஒரு பொருளில் வழங்கட்டும், அதுவே போதும் என்கின்றார் அவர். சொல்லுக்குப் பொருள் நிலையாக நின்றால்தான் அது மற்றொன்றை விலக்கும்.

இவ்விடத்தில் தகடூரின் சமணரை நினைத்தல் தகும். நுளம்ப அரசன் மகேந்திரன் காலத்துக் கி.பி. 893-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இவ்வூரில் எழுப்பிய சமணப் பள்ளி ஒன்றற்கு அளித்த கொடையைக் கன்னடத்தில் கூறுகின்றது. ஒருவாற்றான் உண்டு, ஒருவாற்றான் இல்லை, ஒருவாற்றான் உண்டும் இல்லையும் என்று ஏழு வகையாக உரைப்பது சமணர் கொள்கை. இவர்கள் முரணாமையை உடைத்தவர்கள் என்று மாற்றுநெறியார் எள்ளியதுண்டு. சிவநெறி நூலாரும் சாடினர். ஒருவாற்றான் என்னும் சொல்லைக் கேளாமல் கேட்டவர்களே அவ்வாறு எள்ள முடியும். மட்குடம் மண்ணாக உண்டு, பொன்னாக இல்லை. நோக்கு வேறுபட்டமையால் முரண் எழவே இல்லை. ஆயின் நான்காவதாக அவர்கள் வைக்கும் சொல்லொணாமை அவ்வளவு எளிதில் அமைவதன்று. அது தனியே ஆராய்தற்குரியது. நீலகேசியைப் படித்தோர்க்கு இச்சொற்போரின் சூடு தெரியும். சக்கரவர்த்தி நயினார் 1936-இல் சமயதிவாகர உரையோடு அதனை அச்சேற்றினார். ஏரணச் சொற்போரையே உடம்பாகக் கொண்ட ஒரு தமிழ்ப்பெருநூல் கையில் இருக்க, தமிழில் தருக்கம் இல்லை என்பார்க்கு என்ன சொல்வது?

முரணாமை தமிழ் நூன்மரபில் வெளிப்படையாகவே உள்ளது. தொல்காப்பியர் மரபியலில் எண்ணும் நூற்குற்றம் பத்தனுள் மாறுகொளக் கூறல் ஒன்று. நன்னூலாரும் அதனை வழிமொழிந்தார். சொல் ஒன்றே பொருள் இரண்டாகி நிலைகுலைவதை மயங்கக் கூறல் என்று வேறாக வைத்தனர். மாறுகொளல் வேறு, மயங்கல் வேறு என்று பிரித்தவிடத்தே, முரணாமையும் தானேயாதலும் வேறு என்னும் உணர்வு இருக்கின்றது. மணிமேகலையில் அறவணர் போலி மேற்கோள்களை எண்ணுமிடத்து, தன் சொல்லே தன்னை மாறுகொள்வதற்கு, ஒருவன் தன் தாயை மலடி என்பதை எடுத்துக்காட்டாக வைக்கின்றார். அப்பகுதி வடமொழி நியாயப் பிரவேசத்தோடு பெரிதும் ஒத்து நடப்பது; எடுத்துக்காட்டும் அந்நூலில் உண்டு. இதனை மறைக்கவேண்டுவதில்லை. கடன்பட்டதை மறைப்பவன் ஏரணம் பேசும் தகுதியை முதலில் இழக்கின்றான்.

அக்குற்றப் பட்டியலில் இன்னொன்று நோக்கத் தக்கது. மாறுகொளக் கூறல் குற்றம். துணியாமல் நிற்றல் குற்றமாக வைக்கப்படவில்லை. இரண்டும் மெய் என்பவனை நூலோர் கடிந்தனர். இன்னும் எதுவும் மெய்யென்று துணிந்திலேன் என்பவனைக் கடியவில்லை. அவனுக்கு இலக்கணமே வகுத்தனர்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் அதனைக் கூறும். தொலைவில் நிமிர்ந்து நிற்கும் ஒன்றைக் கண்டான் ஒருவன். குற்றியோ, மகனோ தெரியவில்லை. தமிழில் வினைமுற்று திணை காட்டியே வரவேண்டும். மகன் எனின் உயர்திணை, குற்றி எனின் அஃறிணை. துணியாதவன் எம்முடிபு கொண்டு பேசுவான்? இரண்டற்கும் பொதுவாகிய உரு என்னும் சொல்லால் அஃறிணை முடிபு கொடுத்துப் பேசுக என்கின்றது நூல். துணிந்த பின்னரோ, அல்லாததனை அன்மைச் சொல்லால் விலக்கி, உள்ளதனைச் சுட்டுக என்கின்றது. குற்றியோ மகனோ என்னும் எடுத்துக்காட்டு வடமொழி நியாய நூலாரிடத்தும் உண்டு. ஆனால் ஐயத்திற்குத் திணைமுடிபு என்ன என்னும் வினா, திணையுள்ள மொழியிலன்றி எழாது. அது தமிழின் சொந்த வினா.

இந்நூற்பாக்களில் மூன்று நெறியும் தத்தம் வேலையைச் செய்வதைக் காணலாம். உரு என்று எடுத்தது முதல் மகன் என்று முடித்தது வரை பேசப்பட்ட பொருள் ஒன்றே, அது தானேயாதல். குற்றியும் மகனும் ஒருங்கே ஆகா, அது முரணாமை. ஆயின் குற்றியோ மகனோ என்பது இடையின்மை அன்று. அது கரடியாகவும் இருக்கலாம். குற்றி, குற்றி அல்லாதது என்பதே இடையற்ற பிரிவு. எதிர்ப்பொருளையும் மறுப்பையும் ஒன்றாக எண்ணிக் குழம்பும் இவ்விடத்திலேதான் பொதுவாழ்வின் ஏமாற்றுகளுட் பாதி நடக்கின்றன.

தருமபுரிப் பெற்றோரிடம் கேட்கப்படும் வினாவைப் பாருங்கள். ஆங்கிலவழியா, அறியாமையா? வினவுபவன் இடையின்மை நெறியின் சட்டையை அணிந்துகொண்டு வருகின்றான். மெய்யான பிரிவு, ஆங்கிலவழியிற் படித்தல், ஆங்கிலவழியிற் படியாமை என்பதே. படியாமை என்ற இடத்தில் அறியாமையை மெல்ல நுழைத்துவிட்டான். கேழ்வரகு விற்றுக் கட்டணம் கட்டும் உழவன் அந்த ஒரு சொல் மாற்றத்துக்காக வாழ்நாள் முழுதும் கடன் சுமக்கின்றான். இதே சட்டையைத் தமிழ்மேடையிலும் சிலர் அணிகின்றனர். எம்மோடு நிற்பவன் தமிழன், நில்லாதவன் பகைவன் என்கின்றனர். நில்லாதவன், நில்லாதவன் மட்டுமே. பகைவன் என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

மறுப்பு என்பதும் தமிழில் ஒன்றன்று. அல் என்பது வேறு. இல் என்பது வேறு. இது பால் அன்று என்பது, முன்னிற்கும் பொருளைப் பால் என்பதினின்று விலக்குவது. பால் இல்லை என்பது, பொருளே இலதாதலைக் கூறுவது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் நாட் என்னும் ஒன்றே இரண்டு சுமையும் சுமக்கின்றது. வடமொழியில் அகரமாகிய முன்னொட்டு ஒன்றே இன்மைக்கும் அன்மைக்கும் மறுதலைக்கும் வருவதைத் தமிழிலக்கணம் கற்றோர் அறிவர். வடமொழி ஏரணர் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். கலைச்சொல் படைத்துப் பிரித்துக்கொண்டனர். தமிழச்சி அதனை அடுக்களையிலேயே வைத்திருந்தாள். இன்றோ, அவர் ஆசிரியர் இல்லை, இது என் வீடு இல்லை என்று பேசியும் எழுதியும், அல்லர், அன்று என்னும் சொற்களைத் தொலைத்துக்கொண்டிருக்கின்றனர் தமிழர். செய்தித்தாள்களும் அவ்வாறே எழுதுகின்றன. கருவியைத் தெருவில் எறிந்துவிட்டு, எம்மிடம் கருவி இல்லை என்று அழுவது யாருடைய பிழை?

இப்பிரிவின் அருமை மணிமேகலை முப்பதாங் காதையில் விளங்கும். வினாவுக்கு விடை நான்கு வகை என்கின்றது அது: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. தோன்றியது கெடுமோ கெடாதோ எனின் கெடும் என்பது துணிவு. செத்தவன் பிறப்பானோ எனின், பற்றற்றுச் செத்தவனோ பற்றோடு செத்தவனோ என்று கூறிடவேண்டும். வித்து முந்திற்றோ பனை முந்திற்றோ எனின், எவ்வித்துக்கு எப்பனை என்று திருப்பி வினவவேண்டும். வான்பூப் பழையதோ புதியதோ எனின், வாய் திறவாதிருப்பதே விடை. பழையது, புதியது என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாலே வான்பூ உண்டு என்று உடன்பட்டதாகும். வினவியவன் வலை அது. அன்மையால் விடை கூறத் தொடங்குமுன் இன்மையைப் பார் என்பது இதன் உட்பொருள். இதே இடத்தில் அரிசுட்டாட்டில் வேறு வழி சென்றார். இல்லாத ஒருவனைப் பற்றி, நோயுற்றான் என்பதும் நலமுற்றான் என்பதும் இரண்டும் பொய். ஆனால் நோயுற்றான் என்பதன் மறுப்பு மெய் என்றார். இங்கிலாந்தில் பெர்ட்ரண்டு இரசல் 1905-இல் இதனையே புதிய கணக்கியல் வடிவில் விரித்தார். மறுப்பை மெய்யென ஏற்பதா, வாய்வாளாதிருப்பதா என்பது இன்றும் மெய்யியலார் பொருதும் களம். ஒன்றுமே கூறாதவனைச் செடிகொடிக்கு ஒப்பிட்டார் அரிசுட்டாட்டில். சாத்தனாரோ வாய்வாளாமையை விடைகளுள் ஒன்றாக எண்ணினார். எதற்கும் பேசாதவன் வேறு, பேசத்தகாத வினாவுக்குப் பேசாதவன் வேறு என்று கொள்ளின் இருவரும் பகைவர் அல்லர்.

இனி, நெறிகளின் உறவில் முடிச்சான இடம். நெதர்லாந்தின் கணக்கறிஞர் பிரௌவர் 1908-இல் இடையின்மை நெறியை எல்லையற்ற தொகுதிகட்கு நம்பி ஏற்கவியலாது என்று எழுதினார். வட்டத்தின் சுற்றுக்கும் குறுக்களவுக்கும் உள்ள விகிதத்தைப் பதின்மத்தில் விரித்தால் 0123456789 என்னும் தொடர் எங்கேனும் வருமோ? வரும் என்று காட்டவும் இல்லை. வாராது என்று நிறுவவும் இல்லை. நிறுவாத ஒன்றை, இரண்டில் ஒன்று மெய்யே என்று எவ்வாறு கூறுவது என்று கேட்டார். கணிப்பொறி கொண்டு 1997-இல் சப்பானில் காணடாவின் குழுவினர் அத்தொடரைக் கண்டுபிடித்தனர். 1,700 கோடி இலக்கங்களுக்கும் அப்பால் அது இருந்தது. அதனால் அவ்வெடுத்துக்காட்டு பழுதாயிற்றேயன்றி வினா பழுதாகவில்லை. நிறுவப்படாத வேறொரு தொடரை அவ்விடத்தில் வைத்தால் வினா மீண்டும் நிற்கும். அவர் மாணாக்கர் எய்ட்டிங் 1930-இல் இக்கொள்கைக்கு ஒழுங்கான ஏரணம் வகுத்தார். அதில் தானேயாதல் நிற்கின்றது, முரணாமை நிற்கின்றது, இடையின்மை மட்டும் பொதுநெறியாக நிற்பதில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இடையின்மையை ஏற்காதவனும் அதனை மறுக்க முடியாது. எவ்வாறெனின், ஒன்று உண்டு அல்லது இல்லை என்பதனை ஒருவன் மறுத்தால், உண்டு என்பதையும் மறுத்தான், இல்லை என்பதையும் மறுத்தான். இல்லை என்பதோ உண்டு என்பதன் மறுப்பே. ஆகவே மறுப்பும் அதன் மறுப்பும் ஒருங்கே அவன் கையில். அது மாறுகொளக் கூறல். எனவே முரணாமை ஒன்றை மட்டும் கொண்டே, இடையின்மை மறுக்கத் தகாதது என்பது வரை வந்துவிடலாம். மறுக்கத் தகாதது என்பதிலிருந்து மெய் என்பதற்குச் செல்லவேண்டின் இன்னொரு பாலம் வேண்டும். அப்பாலம் ஈரெதிர்மறை. ஈரெதிர்மறை முழு உடன்பாடே என்று கொள்வோர்க்கு முரணாமையும் இடையின்மையும் ஒன்றிலிருந்து ஒன்று பெறப்படும். அவ்வாறு கொள்ளாதோர்க்கு முரணாமை இக்கரையிலும் இடையின்மை அக்கரையிலும் நிற்கும். பொத்தகப் பட்டியல் இப்பாலத்தைச் சொல்லாமலே கடந்துவிடுவதால்தான் இரண்டும் ஒரே ஊர் போலத் தோன்றுகின்றது.

ஈரெதிர்மறை உடன்பாடாம் என்பது இலக்கண மரபுதான். ஆயினும் தமிழ்ச்செவி அதனை எப்போதும் முழு உடன்பாடாகக் கேட்பதில்லை. மருமகனை மாமியார் கேட்கின்றாள்: குழம்பு பிடிக்கவில்லையா? பிடிக்காமல் இல்லை என்கின்றான் அவன். பிடித்தது என்று அவன் சொல்லவில்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். வடமொழி ஏரணர் அறியாதவர் அல்லர் என்று மேலே எழுதியதும் அத்தகையதே. அறிந்தனர் என்று எழுதியிருப்பின் சுவை வேறாகியிருக்கும்.

பிரௌவர் வழி ஒன்றே வழி என்பதன்று. போலந்தின் உலூக்காசெவிச்சு 1920-இல் மெய், பொய், இடைநிலை என மூன்று மதிப்புக் கொண்ட ஏரணம் வகுத்தார். நாளை உகுநீர்க்கல்லில் வெள்ளம் வரும் என்பது போன்ற வருங்காலக் கூற்றுகளே அவரைத் தூண்டின. அரிசுட்டாட்டில் நாளைய கடற்போரைப் பற்றிக் கேட்ட பழைய வினா அது. அவர் பட்டியலில் இடையின்மையும் முரணாமையும் இரண்டுமே முழு மெய்யாகாமற் போகின்றன. தானேயாதல் மட்டும் முழு மெய்யாக நிற்கின்றது. பிரேசில் நாட்டின் தா கோசுட்டா 1963-இல் இடையின்மையை வைத்துக்கொண்டு முரணாமையைப் பொதுநெறி நிலையினின்று இறக்கிய ஏரணங்களை அமைத்தார். ஓரிடத்தில் ஒன்று நிற்க மற்றொன்று வீழ்கின்றது. வேறிடத்தில் வீழ்ந்தது நிற்க நின்றது வீழ்கின்றது. ஒன்றேயாயின் இது நிகழுமோ? இவ்வேரணங்கள் எல்லாவற்றையும் தமிழர் ஏற்கவேண்டும் என்பதன்று. மூன்று நெறிகளும் மூன்றே என்பதற்கு அவை சான்று, அவ்வளவே.

பிரௌவர் சொன்னதைத் தொல்காப்பியர் சொல்லிவிட்டார் என்று யாரேனும் இதனைக் கொண்டு முழங்கப் புகுந்தால், அவர் மேற்கூறிய எதனையும் படிக்கவில்லை என்பது பொருள். தொல்காப்பியர் ஐயுற்றவன் பேசும் மொழிக்கு முடிபு வகுத்தார். கணக்கின் எல்லையற்ற தொகுதியைப் பற்றி அவர்க்குக் கவலை இல்லை. ஆனால் ஐயத்தையும் துணிவையும், அன்மையையும் இன்மையையும், மாறுகொளலையும் மயங்கலையும் வேறு வேறாகச் சொல்லும் சொற்கள் தமிழில் உள. சிவஞான முனிவர் 18-ஆம் நூற்றாண்டில் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியபோது, பொருந்திய இடங்களில் அவற்றைப் பயன்கொண்டு, பிற இடங்களில் வடசொல்லையே வைத்தார். அன்று அவர் வைத்த வடசொற்களை இன்றும் சுமப்பதற்கு நூல் எழுதுவோரின் சோம்பலன்றி வேறு காரணம் தெரியவில்லை.

அடுத்த முறை பாடநூல் திருத்தப்படும்போது செய்யவேண்டுவது பெரிதன்று. இரண்டு மதிப்பு உண்டு என்று முன்கொண்டே இப்பட்டியல் வரையப்படுகின்றது என்று பட்டியலின் மேலே ஒரு வரி. குற்றி, மகன் என்பது எதிர். குற்றி, குற்றி அல்லாதது என்பது மறுப்பு என்று அதன் கீழே ஒரு வரி. முரணாமையிலிருந்து இடையின்மைக்குச் செல்ல ஈரெதிர்மறை வேண்டும் என்று ஒரு வரி. பயிற்சிப் பகுதியில் வான்பூ வினாவை ஓர் எண்ணிட்டுச் சேர்த்து, விடைப் பக்கத்தில் அவ்வெண்ணுக்கு நேரே ஒன்றும் அச்சிடாமல் விடலாம்.